காரணம் கூறும் சொற்கள்: டச்சுத் திருமறையும் போடி மலைச்சரிவின் கேள்வியும்

1. முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ள போடிநாயக்கனூர் ஏலக்காயால் வாழும் ஊர். விடியுமுன்னே ஜீப்புகளில் ஏறி, போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பகுதித் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வோர் மாலையில் மலையிறங்குகின்றனர். மலையில் விளைந்த காய் உலர்த்தப்பட்டுப் போடிக்கு வந்து ஏலத்தில் விலை பேசப்படுகிறது. மழை, மண், பாதை, விலை ஆகிய நான்கும் இம்மக்களின் வாழ்வை ஆளுகின்றன. இவற்றுள் எதுவும் அவர்கள் கையில் இல்லை. ஆகவே இச்சரிவுகளில் பணியாற்றும் ஆயர் அடிக்கடி எதிர்கொள்ளும் சொல் ‘ஏன்?’ என்பதாகும்.

2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலுள்ள குரங்கணிக் காட்டில் பரவிய தீ, மலையேற்றத்திற்கு வந்திருந்த 23 பேரின் உயிரைக் கவர்ந்தது. 2020 ஆகஸ்டு 6 அன்று இரவு மூணாற்றுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் உறங்கிக்கொண்டிருந்த 70 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும் ஆவர். இத்தகைய நாள்களில் ‘ஏன்’ என்ற கேள்வி இலக்கண நூலில் உள்ள வினாச்சொல்லாக வருவதில்லை, அழுகையோடு வருகிறது. அதற்கு விடை கூறுவோர் எந்த இணைப்புச் சொல்லால் விடை கூறுகின்றனர் என்பது சிறிய காரியமன்று. ‘ஆல்’ என்னும் ஓர் உருபு ஒரு குடும்பத்தின்மேல் ஆயுட்காலப் பழியைச் சுமத்திவிடக்கூடும்.

நம் நாட்டின் சீர்திருத்தத் திருச்சபை வரலாற்றில், காரணம் கூறும் சொற்களை நுட்பமாகப் பகுத்து வைத்திருக்கும் மொழியொன்று ஒன்றரை நூற்றாண்டுக் காலம் தமிழின் அருகே வாழ்ந்தது. அதுவே ஒல்லாந்தரின் டச்சு மொழி. அம்மொழியின் காரணச் சொற்களையும், அவை டச்சுத் திருமறையில் ஆற்றிய பணியையும், தமிழ் அவற்றிற்கு இணையாக வைத்திருப்பவற்றையும் ஆராய்ந்து, அதனால் நம் பிரசங்க மேடைக்கு விளையும் பயனைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஏலக்காயும் ஓர் ஒல்லாந்த ஆயரும்

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி 1656-ல் கொழும்பையும், 1658-ல் யாழ்ப்பாணம், நாகப்பட்டினம், தூத்துக்குடி ஆகியவற்றையும், 1663-ல் கொச்சியையும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கைப்பற்றியது. அவர்கள் கடல் கடந்து வந்தது மிளகு, இலவங்கப்பட்டை, ஏலம் முதலிய சரக்குகளை நாடியே. ஏலம் விளையும் மலையின் மேற்குச் சரிவு மலையாளக் கரைக்குரியது. கிழக்குச் சரிவு போடியில் வந்து முடிகிறது. ஒல்லாந்தர் இக்கிழக்குச் சரிவில் கோட்டை கட்டியதாக வரலாறு இல்லை. ஆயினும் இம்மலையின் செல்வமாகிய ஏலச்செடி இன்று தாவரவியலில் தாங்கியிருக்கும் பெயர் அவர்கள் வெளியிட்ட நூலொன்றிலிருந்து பிறந்ததே.

1670 முதல் 1677 வரை கொச்சியில் ஆளுநராயிருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் என்பாரின் முயற்சியால் ‘ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்’ என்னும் இலத்தீன் மூலிகை நூல் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர் தம் அறிவை இதற்கு ஈந்தார். அந்நூலில் ‘ஏலத்தரி’ என்னும் மலையாளப் பெயரோடு இச்செடி இடம்பெற்றது. அப்பெயரை அடியொற்றியே 1811-ல் ஏலத்திற்கு ‘எலெட்டாரியா’ என்ற பேரினப் பெயர் சூட்டப்பட்டது.

இந்நூலின் தொடக்கத் தொகுதிகளுக்கு இலத்தீன் உரை எழுதியவர் கொச்சியில் டச்சுச் சபைக்கு ஆயராயிருந்த யோஹான்னஸ் கசேரியுஸ். குருத்துவப் பணியோடு மூலிகை ஆராய்ச்சியையும் மேற்கொண்ட இவர், இந்தியாவுக்கு வருமுன் இளம் மாணவராயிருந்தபோது தத்துவ ஞானி ஸ்பினோசாவிடம் பாடங்கேட்டவர். ஸ்பினோசா அவருக்குத் தம் சொந்தக் கருத்துகளைப் போதிக்காமல் டெகார்ட்டின் தத்துவத்தையே கற்பித்தார். அப்பாடங்களிலிருந்து உருவானதே 1663-ல் ஸ்பினோசா வெளியிட்ட நூல்.

இச்செய்தி நம் பொருளோடு தொடர்புடையது. ஏனெனில் ஸ்பினோசா பிற்காலத்தில் தம் ‘எத்திக்கா’ நூலில் ‘காரணம்’ என்பதையும் ‘நியாயம்’ என்பதையும் ஒன்றெனக் கொண்டு வாதிட்டார். ஒரு பொருள் ஏன் உண்டாயிற்று என்பதும், அது உண்டு என்று நாம் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதும் அவருக்கு ஒரே கேள்வியின் இரு பெயர்கள். ஆனால் அவர் நாட்டு மக்கள் நாள்தோறும் பேசிய டச்சு மொழியோ இவ்விரண்டையும் வெவ்வேறு சொற்களில் வைத்திருந்தது. தத்துவ ஞானி ஒன்றாக்கியதைச் சந்தை மொழி பிரித்து வைத்திருந்தது எனலாம். அப்பிரிவினை எத்தகையது என்பதை இனிக் காண்போம்.

3. டச்சு மொழியின் காரணச் சொற்கள்

முதலாவது சொல் ‘வன்ட்’. இது இரு முழு வாக்கியங்களைச் சரிசமமாக இணைப்பது. முதலில் ஒரு கூற்று, பின்னர் ‘வன்ட்’, அதன்பின் அக்கூற்றுக்குப் பேசுவோன் காட்டும் ஆதாரம். இம்முறை மாறாது. ‘வன்ட்’ பகுதியை முன்னே வைத்துக் கூற்றைப் பின்னே வைக்க இயலாது. அதன்பின் வரும் வாக்கியத்தில் வினைச்சொல் தனக்குரிய இரண்டாம் இடத்திலேயே நிற்கும். “அவர் வீட்டில் இருக்கிறார், விளக்கு எரிகிறதே” என்ற பொருளில் டச்சுக்காரர் ‘வன்ட்’ சொல்லைப் பயன்படுத்துவர். விளக்கு எரிவது அவர் வீட்டில் இருப்பதற்குக் காரணமன்று. அவர் இருப்பதை நாம் அறிவதற்கு அடையாளம்.

இரண்டாவது சொல் ‘ஓம்டாட்’. இது சார்பு வாக்கியத்தைத் தொடங்குவது. இச்சொல் வந்தவுடன் அவ்வாக்கியத்தின் வினைச்சொல் இடம்பெயர்ந்து இறுதிக்குச் சென்றுவிடும். தமிழில் வினை இறுதியில் நிற்பது இயல்பாதலால் இவ்வமைப்பு நமக்கு அந்நியமாய்த் தோன்றுவதில்லை. ‘ஓம்டாட்’ பகுதி முன்னும் வரலாம், பின்னும் வரலாம். ஒருவன் ஒன்றைச் செய்ததற்கு அவன் உள்ளத்தில் இருந்த நியாயத்தைக் கூறுவதே இதன் சிறப்புப் பணி.

மூன்றாவது சொல் ‘டோர்டாட்’. இதுவும் வினையை இறுதிக்குத் தள்ளுவதே. ஆனால் இதில் உள்ளமோ விருப்பமோ நோக்கமோ இல்லை. ஒரு நிகழ்ச்சி இன்னொரு நிகழ்ச்சியை விளைவித்தது என்று மட்டுமே இது கூறும். ‘டோர்’ என்பதற்கு ‘ஊடாக’, ‘ஆல்’ என்று பொருள். செயப்பாட்டு வினையில் செய்தவனைச் சுட்டுவதற்கும் டச்சு மொழியில் இதே சொல்தான் வரும். மழை பெய்ததால் மண் இளகியது, மண் இளகியதால் பாதை அறுந்தது என்பன ‘டோர்டாட்’ வாக்கியங்கள். பாதை அறுந்ததால் நாங்கள் கூட்டத்திற்கு வரவேண்டாமென்று முடிவு செய்தோம் என்பது ‘ஓம்டாட்’ வாக்கியம். முன்னது மண்ணின் செயல். பின்னது மனத்தின் செயல். இன்றைய பேச்சு வழக்கில் ‘ஓம்டாட்’ இரண்டிற்கும் வருவதுண்டு. ஆனால் மனத்தின் முடிவைக் கூற ‘டோர்டாட்’ பொருந்துவதில்லை.

இவற்றோடு ‘ஆன்கெசீன்’ என்றொரு சொல்லும் உண்டு. கேட்போரும் முன்னரே அறிந்து ஒப்புக்கொண்ட செய்தியை அடிப்படையாக வைத்துப் பேசும்போது அது வரும். பழைய திருமறை நடையில் ‘டெவெய்ல்’ என்ற சொல் அடிக்கடி காணப்படும். அது முதலில் ‘அவ்வேளையில்’ என்று காலத்தைக் குறித்துப் பின்பு காரணத்தைக் குறிக்கலாயிற்று. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தால் முன்னது பின்னதற்குக் காரணம் என்று எண்ணுவது மனித இயல்பு என்பதற்கு இச்சொல்லின் வரலாறே சான்று.

இறுதியாக ‘ஓப்டாட்’. ‘ஓம்டாட்’ என்பதற்கும் இதற்கும் ஓரெழுத்தே வேறுபாடு. ஆனால் பொருளில் வேறுபாடு பெரிது. ‘ஓம்டாட்’ பின்னோக்கிப் பார்த்து நியாயம் கூறும். ‘ஓப்டாட்’ முன்னோக்கிப் பார்த்து நோக்கம் கூறும். நமது ‘பொருட்டு’ என்பதற்கு இதுவே இணை.

4. தமிழில் காரணம்

தமிழிலக்கணம் காரணத்தை ‘ஏது’ என்றும் கூறும். நன்னூலார் ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களுள் ஏதுவையும் ஒன்றாக வைத்தார். வழக்கிலோ மூன்றாம் வேற்றுமையின் ‘ஆல்’ உருபே பெருஞ்சுமையைத் தாங்குகிறது. கத்தியால் வெட்டினான் என்பதில் அது கருவி. கொத்தனால் கட்டப்பட்டது என்பதில் அது கருத்தா. மழையால் சரிந்தது என்பதில் அது ஏது. ‘மழை பெய்யக் குளம் நிறைந்தது’ என்பதுபோல் ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சமும் காரணப் பொருள் தரும். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்னும்போது, ‘டெவெய்ல்’ சொல்லைப் போலவே, கால முறையே காரண முறையாகக் கொள்ளப்படுகிறது.

‘ஆல்’ உருபின் இப்பரப்பு தமிழுக்கு வளமே. ஆனால் அதில் இடர் ஒன்றும் உண்டு. “மழையினால் மலை சரிந்தது”, “வறுமையினால் மலையேறினார்கள்”, “பாவத்தினால் துன்பம் வந்தது” ஆகிய மூன்றும் செவிக்கு ஒரே வார்ப்பில் வந்த வாக்கியங்கள். முதலாவதை மண்ணியல் அறிஞர் ஆராய்ந்து மெய்ப்பிக்கலாம். இரண்டாவதை மலையேறியவரிடமே கேட்டறியலாம். மூன்றாவதையோ இன்னாருக்கு இன்னது வந்தது என்று பொருத்திக் கூற எந்த மனிதனுக்கும் அதிகாரம் இல்லை. உருபு ஒன்றாயிருப்பதால், மூன்றாவது வாக்கியம் முதலாவது வாக்கியத்தின் உறுதியை இரவல் வாங்கிக்கொள்கிறது.

அப்படியானால் தமிழுக்கு இப்பகுப்பு தெரியாதா? நன்கு தெரியும். “மழை வரும் என்று விரைவாக இறங்கினோம்” என்று மலைத் தொழிலாளி கூறும்போது, அந்த ‘என்று’ உள்ளத்தின் நியாயத்தைக் காட்டும் ‘ஓம்டாட்’ ஆகும். ‘என்பதற்காக’ என்பதும் அத்தகையதே. “நாளை ஞாயிறாயிற்றே” என்பதில் உள்ள ‘ஆயிற்றே’, இருவரும் அறிந்ததைச் சுட்டும் ‘ஆன்கெசீன்’. “விளக்கு எரிகிறதே” என்பதன் ஈற்றில் நிற்கும் ஏகாரம், அடையாளம் காட்டும் ‘வன்ட்’. ‘பொருட்டு’, ‘படிக்கு’ என்பன ‘ஓப்டாட்’. ஆகவே குறை மொழியில் இல்லை. மலை மக்கள் நாள்தோறும் பேசுகையில் தவறாமல் பகுப்பதை நாம் பிரசங்க மேடையில் ஏறியதும் ‘ஆல்’ என்னும் ஒரே பாத்திரத்தில் கொட்டிவிடுகிறோம்.

5. திருமறையில் காரணச் சொற்கள்

டோர்ட் நகரில் 1618–1619-ல் கூடிய சபை மாமன்றத்தின் தீர்மானப்படி புதிய மொழிபெயர்ப்பு தொடங்கப்பட்டு, 1637-ல் டச்சு அரசவையின் ஆதரவில் திருமறை வெளியாயிற்று. இதனை ‘அரசவை மொழிபெயர்ப்பு’ என வழங்குவர். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நாகப்பட்டினத்திலும் டச்சு ஆயர்களின் கையில் இருந்த திருமறை இதுவே. கிரேக்க மூலத்தின் சொல்லுக்குச் சொல் நிற்க முயன்றதால், மூலத்தில் ‘கார்’ என்னும் காரண இடைச்சொல் வரும் இடங்களில் பெரும்பாலும் ‘வன்ட்’ வந்தது.

ரோமர் முதலாம் அதிகாரம் 16 முதல் 18 வரையுள்ள வசனங்களில் ‘கார்’ நான்கு முறை வருகிறது. டச்சுத் திருமறையில் ‘வன்ட்’ நான்கு முறையும் வருகிறது. சுவிசேஷத்தைக் குறித்த துணிவுக்கு அதன் வல்லமை ஆதாரம். அவ்வல்லமைக்குத் தேவநீதி வெளிப்படுதல் ஆதாரம். அதற்குத் தேவகோபம் வெளிப்படுதல் ஆதாரம். இவ்வாறு படிப்படியாகப் பவுலின் வாதம் இறங்கிச் செல்கிறது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இந்நான்கு இடங்களிலும் தனியான காரணச் சொல் இல்லை. வாக்கியங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. யோவான் 3:16-ம் மூலத்திலும் டச்சிலும் ‘ஏனெனில்’ என்ற பொருளோடுதான் தொடங்குகிறது. தமிழில் அச்சொல் இன்றியே மனப்பாடம் செய்திருக்கிறோம். அதனால் அவ்வசனம், வனாந்தரத்தில் சர்ப்பம் உயர்த்தப்பட்டதைக் கூறும் முன்வசனங்களிலிருந்து பிரிந்து தனியே நிற்கிறது. தேவ அன்பு மனுஷகுமாரன் உயர்த்தப்படுவதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது என்ற தொடர்பு கேட்போருக்குப் புலப்படுவதில்லை.

இதனால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தவறினார் என்று முடிவு செய்யலாகாது. ‘ஏனெனில்’ என்பது ‘ஏன் என்று வினவினால்’ என விரிவது. ஒவ்வொரு ‘கார்’ வரும்போதும் அதனை இட்டால் தமிழ் நடை தடுக்கித் தடுக்கிச் செல்லும். தமிழ் இயல்பாகக் காரணத்தை முன்னே சொல்லிக் காரியத்தைப் பின்னே சொல்லும். எனவே அவர்கள் நடைக்காக இணைப்பை விட்டனர். விட்ட இணைப்பை எடுத்துரைப்பது பிரசங்கியாரின் கடமை ஆகிறது.

இணைப்பை எவ்வளவு நுட்பமாகவும் தமிழ் காக்கக்கூடும் என்பதற்கு லூக்கா 7:47 சான்று. பாவியாகிய ஸ்திரீயின் பாவங்கள் மன்னிக்கப்பட்டதையும் அவள் மிகுதியாக அன்புகூர்ந்ததையும் மூலத்தில் ‘ஹோட்டி’ என்னும் சொல் இணைக்கிறது. அன்பு மன்னிப்புக்குக் காரணமா, அன்றி மன்னிப்புக்கு அடையாளமா என்பது ரோமச் சபைக்கும் சீர்திருத்தச் சபைக்கும் இடையே நடந்த பெருவாதங்களுள் ஒன்று. கால்வின் 1555-ல் வெளியிட்ட சுவிசேஷ விளக்கத்தில், அன்பு மன்னிப்பின் காரணமன்று, அதன் சான்றே என்று வாதிட்டார். அதற்குச் சற்றுமுன் ஆண்டவர் கூறிய இரு கடன்காரரின் உவமையில் மன்னிப்பு முந்தியும் அன்பு பிந்தியும் வருவதே அவர் வாதத்தின் அடிப்படை. 1637-ன் டச்சு மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்தில் ‘ஓம்டாட்’ என்று எழுதாமல் ‘வன்ட்’ என்று எழுதினர். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்போ ‘ஆல்’ உருபை விலக்கி, வினையின் ஈற்றில் ஓர் ஏகாரத்தை மட்டும் வைத்தது. “விளக்கு எரிகிறதே” என்பதில் உள்ள அதே ஏகாரம்! ஓரெழுத்தில் ஒரு கோட்பாட்டின் கதவு திறந்து வைக்கப்பட்டிருக்கிறது.

இதே ‘ஹோட்டி’ லூக்கா 13:2-லும் வருகிறது. பிலாத்துவின் கையில் மாண்ட கலிலேயர், அவ்வாறு மாண்டதைக் கொண்டு மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று எண்ணுகிறீர்களோ என்று ஆண்டவர் வினவுகிறார். இங்கே டச்சு மொழிபெயர்ப்பாளர் ‘ஓம்டாட்’ என எழுதினர். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ‘ஆல்’ உருபை வைத்தனர். கிரேக்கத்தில் ஒரே சொல்லாயிருந்தும், இரு மொழிகளும் ஒன்றையொன்று பாராமலே இரண்டிடங்களையும் ஒரே விதமாகப் பிரித்தன. காரணம் தெளிவு. முதலிடத்தில் ஆண்டவர் தாமே அடையாளம் காட்டுகிறார். இரண்டாமிடத்திலோ கேட்டோர் உள்ளத்தில் ஓடிய நியாயத்தை எடுத்துக் காட்டி, அதனை உடைக்கிறார். அவர்கள் நியாயம் இது: துன்பம் நேர்ந்தது, ஆகவே பாவம் இருந்திருக்க வேண்டும். ஆண்டவர் அந்த ‘ஆகவே’யை ஒப்புக்கொள்ளவில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரைக் குறித்தும் அவ்வாறே மறுக்கிறார். மலைச்சரிவில் பணியாற்றும் ஆயருக்கு இதனினும் அருகான திருமறைப் பகுதி வேறில்லை.

யோவான் 9-ல் சீஷர் பிறவிக் குருடனைக் கண்டு யார் பாவம் செய்தது என்று வினவுகின்றனர். ஆண்டவர் அப்பின்னோக்கை மறுத்து, தேவனுடைய கிரியைகள் வெளிப்படுவதை நோக்கி அவர்கள் முகத்தைத் திருப்புகிறார். டச்சில் அங்கே ‘ஓப்டாட்’, தமிழில் ‘பொருட்டு’. கேள்வி கடந்த காலத்தில் பழி தேடியது. விடை வருங்காலத்தில் பணி காட்டியது. அவ்விடைக்குப்பின் ஆண்டவர் விளக்கம் கூறிக்கொண்டிராமல், சேறுண்டாக்கி அவன் கண்களில் பூசினார் என்பதையும் மறக்கலாகாது.

6. சபை வரலாற்றில் ஒரு ‘ஏன்’

ஒல்லாந்தர் தம் மொழியில் இத்தகைய நுட்பமான பகுப்பை வைத்திருந்ததனால் அவர்கள் நியாயமாய் நடந்தனர் என்று எண்ணினால் வரலாறு நம்மை மறுக்கும். பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஏழைத் தமிழரை அடிமைகளாகக் கப்பலேற்றியவர்களும் அவர்களே. அவர்களது சபையின் வரலாற்றிலும் ஓர் எச்சரிக்கை உண்டு.

பிலிப்புஸ் பால்டேயஸ் யாழ்ப்பாணத்தில் முதல் டச்சு ஆயர்களுள் ஒருவராய் 1665 வரை உழைத்தார். 1672-ல் ஆம்ஸ்டர்டாமில் அவர் வெளியிட்ட பெருநூலில் மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றின் வரலாற்றோடு தமிழ் எழுத்தையும் இலக்கணச் சுருக்கத்தையும் சேர்த்தார். யாழ்ப்பாணத்தில் 1690-லும் கொழும்பில் 1696-லும் போதகப் பயிற்சிக் கல்லூரிகள் தோன்றின. இலங்கையில் பிறந்து அச்சபையில் ஆயரான பிலிப்பு தெ மெல்லோவின் உழைப்பால் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759-ல் கொழும்பில் அச்சாயிற்று. தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1714–1715-ல் வெளிவந்து ஒரு தலைமுறைக்கு மேல் கடந்திருந்தது.

இவ்வளவு உழைப்பும் ஒரு பக்கம். மறுபக்கத்தில், ஞானஸ்நானமும் திருமணமும் பள்ளித் தோம்பு என்னும் பதிவேட்டில் எழுதப்பட்டன. அரசுப் பணி பெறுவதற்கும் சொத்துரிமையை நிலைநாட்டுவதற்கும் அப்பதிவு வேண்டியிருந்தது. ஆகவே பதிவேடுகளில் கிறிஸ்தவர் தொகை பெருகிற்று. அவர்களுள் பலர் பெயரளவிலேயே கிறிஸ்தவர் என்பதைப் பால்டேயஸ் தாமே உணர்ந்திருந்தார். 1795-ல் யாழ்ப்பாணமும் 1796-ல் கொழும்பும் ஆங்கிலேயர் வசமான பின்பு, கட்டாயம் நீங்கியதும், அத்தொகை விரைவாகக் கரைந்தது.

இதனை டச்சு இலக்கணத்தின் கண்ணாடியில் பார்ப்போம். அவர்கள் ஏன் கிறிஸ்தவராயினர்? சட்டம் அவ்வாறிருந்ததால் என்பது ‘டோர்டாட்’ விடை. கிறிஸ்துவை விசுவாசித்தனர் என்பதற்காக என்பது ‘ஓம்டாட்’ விடை. பதிவேட்டில் இரண்டிற்கும் ஒரே கோடுதான். புறக்காரணத்தால் வந்ததை அகநியாயமாகக் கணக்கிட்ட சபை, அப்புறக்காரணம் நீங்கியபோது தன் இழப்பைக் கண்டது. காரணங்களைப் பகுக்கத் தெரிந்த மொழியைப் பேசியும், தேவையான இடத்தில் பகுக்க அவர்களுக்கு மனமில்லாதிருந்தது. மொழி கருவியைத் தரும். அதனைக் கையாளும் நேர்மையைத் தராது.

1816-ல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனெரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பழுதுற்றுக் கிடந்த பழைய கோவில் கட்டடங்களைப் புதுப்பித்துக் குடியேறினர். அம்மிஷனே 1834-ல் மதுரையில் கிளையைத் தொடங்க, அதன் பணி பெரியகுளம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கு நோக்கிப் பரவியது. ஆகவே போடிப் பகுதியின் சீர்திருத்தச் சபை மரபு, தொலைவிலேயாயினும், ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சுவர்களோடு உறவுடையது. சுவர்கள் நமக்குக் கிட்டின. அச்சுவர்களுக்குள் நடந்த பிழையின் பாடமும் நமக்குக் கிட்ட வேண்டும். நம் ஊழியத்தின் கணக்கேடுகளில் ‘ஆல்’ எத்தனை, ‘என்பதற்காக’ எத்தனை என்று நாமும் கேட்டுக்கொள்ள வேண்டியவர்களே.

7. மலைச்சரிவின் மேடையில்

டச்சுச் சபையின் போதனை நூலாகிய ஹைடல்பர்க் வினாவிடை (1563), மழையும் வறட்சியும், விளைவும் பஞ்சமும், நலமும் நோயும் தற்செயலாய் அன்றித் தந்தையின் கரத்திலிருந்தே வருகின்றன என்று கற்பிக்கிறது. இப்போதனையை மலைச்சரிவில் எவ்வாறு பேசுவது? தேவனுடைய கரத்தை மழையோடும் மண்ணோடும் போட்டியிடும் இன்னொரு ‘டோர்டாட்’ ஆக்கிவிட்டால், மண்ணியல் அறிவு வளருந்தோறும் தேவனுக்கு இடம் குறையும்; துயருற்றோர்க்கோ அவர் கொலைக்காரணராய்த் தோன்றுவார். சீர்திருத்த இறையியல் முதற்காரணம் வேறு, இடைக்காரணங்கள் வேறு என்று பகுத்தது இதனாலேயே. அவ்வினாவிடையும் இப்போதனையின் பயனைக் கேட்கும்போது பழி சுமத்தும் உரிமையை நமக்குத் தரவில்லை. துன்பத்தில் பொறுமையையும், இன்பத்தில் நன்றியையும், வருங்காலத்தைக் குறித்த நம்பிக்கையையுமே தருகிறது.

ஆகவே ‘ஏன்’ என்ற ஒரு கேள்வியை நாம் நான்காகக் கேட்கலாம்.

முதலாவது, எதனால் நிகழ்ந்தது? மலை சரிந்தது பெருமழையால். இதனை அறிவியலிடம் கேட்டு, அது கூறுவதை மேடையில் திரிக்காமல் கூற வேண்டும்.

இரண்டாவது, எந்த நியாயத்தைக் கருதி மனிதர் அவ்வாறு செய்தனர்? சரிவின் அடியில் ஏன் குடியிருந்தனர்? சொந்த நிலம் இல்லை, தோட்டக் குடியிருப்பை விட்டால் வேறு வீடில்லை என்பதற்காக. விடியுமுன் நிறைந்த ஜீப்பில் ஏன் ஏறுகின்றனர்? அந்நாள் கூலியை இழக்கலாகாது என்பதற்காக. இவை மழையின் தலையில் சுமத்தத் தகாதவை. இவற்றிற்கு மனிதரும் சமுதாயமும் விடை கூற வேண்டும். இவ்விடத்தில் ‘தேவசித்தத்தால்’ என்று கூறி முடித்துவிடுவது பக்தியன்று. கேட்க வேண்டிய கேள்வியைக் கேளாமல் தப்பிச் செல்வதாகும்.

மூன்றாவது, எதனைக் கொண்டு அறிகிறோம்? துன்பம் பாவத்தின் அடையாளம் என்று அயலார் கூறினால், அந்த ‘வன்ட்’ செல்லாது என்று லூக்கா 13-ஐக் கொண்டு மறுக்கக் கடமைப்பட்டுள்ளோம். மறுபுறம், சபையாரின் அன்பு அவர்கள் பெற்ற மன்னிப்புக்கு அடையாளம் என்று லூக்கா 7-ஐக் கொண்டு காட்டலாம்.

நான்காவது, இனி எதன்பொருட்டு? இதுவே யோவான் 9-ல் ஆண்டவர் திறந்த வாசல். ஆனால் இதனைக் கூறுவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். மாண்டவர்கள் நமக்குப் பாடம் கற்பிக்கும்பொருட்டு மாண்டனர் என்று கூற நமக்கு உரிமையில்லை. எஞ்சியிருப்போராகிய நாம், தேவனுடைய கிரியைகள் வெளிப்படும்பொருட்டு இனி என்ன செய்யப்போகிறோம் என்று கேட்பதற்கே உரிமையுண்டு.

8. முடிவுரை

டச்சு மொழி நம் நாட்டைவிட்டு நீங்கி நெடுங்காலமாயிற்று. அதனைக் கற்றாலன்றித் திருமறையை விளக்க இயலாது என்பது நம் கருத்தன்று. மேலே கண்டபடி, அது பகுத்த அனைத்தையும் தமிழும் பகுக்கிறது. ஏலக்காட்டில் காய் எடுக்கும் பெண்ணும் தன் பேச்சில் ‘என்று’ எங்கே, ‘ஆல்’ எங்கே, ஏகாரம் எங்கே என்று பிழையின்றி அறிந்திருக்கிறாள். அயல்மொழி ஒன்று நம் மொழியின் செல்வத்தை நமக்கே எடுத்துக் காட்டியது; அவ்வளவே அதன் உதவி.

பிரசங்கத்தை எழுதி முடித்தபின், அதில் ‘ஆல்’ வரும் இடங்களையெல்லாம் ஒருமுறை அடிக்கோடிட்டுப் பார்ப்பது இறையியல் மாணவர்க்கு நல்ல பயிற்சியாகும். அவற்றுள் எது மண்ணின் காரணம், எது மனத்தின் நியாயம், எது வெறும் அடையாளம், எது நோக்கம் என்று பிரித்துப் பார்த்தால், சில இடங்களில் நாம் அறிந்ததற்கு மேலாகப் பேசியிருப்பது தெரியவரும். அவ்விடங்களை அடித்துவிட்டால் பிரசங்கம் சிறிது குறுகும். குறுகிய அப்பிரசங்கத்தைத் துக்க வீட்டில் அமர்ந்திருக்கும் தாய் ஒருத்தி கேட்டால், மூடிய கல்லறையின்மேல் இன்னொரு கல் வைக்கப்படாமலாவது அவள் வீடு திரும்புவாள்.